புல்லுருவின்னு வெட்டிடாதீங்க... ஆர்க்கிட் பூச்செடியா இருக்கலாம்! அடையாளம் காண்பது, வீட்டில் வளர்ப்பது எப்படி?

பெரம்பலூர்:

கல்யாண மேடையில் ஊதா கலரிலும் வெள்ளை கலரிலும் வாடாமல் நிற்கும் ஆர்க்கிட் பூவைப் பார்த்து, ‘இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்’ என்று நினைப்பவர்கள் நம்ம பக்கம் அதிகம். ஆனால் அதே ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி, வெயில் கொளுத்தும் தமிழக சமவெளியிலேயே மாமரத்திலும் புளியமரத்திலும் தானாக வளரக்கூடியது. யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. கோடையிலும் மழைக்காலத்திலும் வாசனையோடு பூக்கிறது.

கொடுமை என்னவென்றால், மரத்தின் மேல் எது முளைத்தாலும் அதைப் ‘புல்லுருவி’ என்ற ஒரே பேரில் அடக்கி, அரிவாளால் சீவிப் போடுவதுதான் பழக்கமாக இருக்கிறது. புல்லுருவி மரத்தின் சத்தை உறிஞ்சும். அதை வெட்ட வேண்டியதுதான். ஆர்க்கிட் மரத்திடம் இருந்து ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால் நல்ல பூச்செடி குப்பைக்குப் போகிறது.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆர்க்கிட்டை வீட்டில் எப்படி வளர்ப்பது? பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வெயிலுக்குத் தாங்குமா? விவரம் வருமாறு:-

செடியின் பெயர் என்ன?

இந்தச் செடியின் தாவரவியல் பெயர் ‘வாண்டா டெசலேட்டா’. இந்தியா, இலங்கை, மியான்மர் நாடுகளில் இயற்கையாக வளர்வது. கேரளாவில் இந்த மாதிரிச் செடிகளை ‘மரவாழை’ என்பார்கள்.

உலகம் முழுவதும் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 1,256 வகைகள் இருப்பதாக இந்திய தாவரவியல் ஆய்வுத்துறை பட்டியல் போட்டுள்ளது. ஐஸ்கிரீமில் போடும் வெனிலாகூட ஒரு ஆர்க்கிட் கொடியின் காய்தான்!

‘வாண்டா’ என்ற பெயரே நம் நாட்டுப் பெயர்தான். மரத்தின் மேல் வளரும் செடியைக் குறிக்கும் ‘வந்தாகா’ என்ற வடமொழிச் சொல்லில் இருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆயுர்வேதத்தில் புல்லுருவிக்கும் அதே பெயர்தான். ஆக, இந்தக் குழப்பம் நேற்று இன்று வந்தது இல்லை.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்தச் செடியைப் பற்றி எழுதியது 1795-ல் அச்சானது. அதே 1795-ல் வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியல் அறிஞரும் சோழமண்டலக் கடற்கரைச் செடிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் இதைச் சேர்த்தார். ‘டெசலேட்டா’ என்றால் கட்டம் போட்டது என்று அர்த்தம். பூவைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

அடையாளம் காண 3 சோதனை

முதல் சோதனை, வேர். ஆர்க்கிட்டின் வேர் பென்சில் கனத்தில், வெள்ளி மாதிரி வெளுப்பாக இருக்கும். மரப்பட்டையின் மேலே ஒட்டிப் படர்ந்திருக்கும், இல்லையென்றால் காற்றில் கயிறு மாதிரி தொங்கும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்த வேர், பார்த்துக்கொண்டு இருக்கும்போதே பச்சையாக மாறும். வேரைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு உறை இருப்பதுதான் காரணம். மழைத்தண்ணீரையும் பனியையும் அதுதான் பிடித்து வைக்கிறது.

புல்லுருவிக்கு இந்த மாதிரித் தொங்கும் வெள்ளை வேர் கிடையாது. அது கிளைக்குள்ளேயே வேரை இறக்கிவிடும். ஒட்டிய இடத்தில் கிளை முடிச்சு விழுந்து வீங்கி இருக்கும்.

இரண்டாவது சோதனை, இலை. வாண்டா இலை பெல்ட் மாதிரி நீளமாக, தடிப்பாக இருக்கும். சுமார் அரை அடி முதல் முக்கால் அடி நீளம் வரும். நடுவில் மடித்த மாதிரி பள்ளம் இருக்கும். தண்டின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி இரண்டு வரிசையில் அடுக்கி இருக்கும். இலையின் நுனி கூராக இருக்காது. எலி கடித்த மாதிரி பல் பல்லாக இருக்கும். புல்லுருவி இலை மா இலை, பலா இலை மாதிரி அகலமாக இருக்கும். கிளை விட்டுப் புதராகப் படரும்.

மூன்றாவது சோதனை, பூ. வாண்டாவில் ஒரு காம்பில் 5 முதல் 10 பூ வரை வரும். ஒரு பூ சுமார் 2 அங்குல அகலம். இதழ்கள் மஞ்சளும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம். அதில் காபி கலரில் வலை பின்னிய மாதிரி கட்டம் கட்டமாகக் கோடு ஓடும். நடுவில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் மட்டும் ஊதா அல்லது நீலமாக இருக்கும். நல்ல வாசனை உண்டு. புல்லுருவிப் பூ குழாய் மாதிரி, ஆரஞ்சும் சிவப்பும் கலந்து கொத்தாக இருக்கும்.

இதே மாதிரி இன்னொரு ஆர்க்கிட்டும் மாமரங்களில் வளரும். அதன் பெயர் ‘அக்காம்பே’. இலை இன்னும் தடிப்பாக, விறைப்பாக இருக்கும். பூ அரை அங்குலம்கூட இருக்காது. மஞ்சளில் காபி கலர் வரி ஓடும். தண்டை ஒட்டியே குட்டிக் கொத்தாகப் பூக்கும். அதையும் வெட்டத் தேவையில்லை.

மலைப்பக்கம் மரத்திலும் பாறையிலும் வளரும் முடவாட்டுக்கால் ஆர்க்கிட் இல்லை. சூப்பு வைக்க வாங்குவோமே, அதேதான். அது பெரணி வகை. பூவே பூக்காது.

மரத்துக்குக் கெடுதலா?

இல்லவே இல்லை. வாண்டாவுக்கு மரம் ஒரு வாடகை வீடு மாதிரி. உட்கார இடம் மட்டும்தான் கேட்கிறது. சாப்பாட்டை அதுவே சூரிய வெளிச்சத்தில் தயாரித்துக்கொள்கிறது. காற்றிலும் மழையிலும் பட்டையில் படியும் தூசி துரும்பிலும் இருந்து கிடைப்பதே அதற்குப் போதும்.

புல்லுருவி கதை வேறு. பூக்கொத்தி என்ற சின்னக் குருவி அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுவென்று ஒட்டும் விதையைக் கிளையில் விட்டுப் போகும். அங்கேயே முளைத்து, கிளைக்குள் வேரைச் செலுத்தி, தண்ணீரையும் உப்புச்சத்தையும் உறிஞ்சும். நாளடைவில் அந்தக் கிளை காய்ப்பு குறைந்து பட்டுப்போகும். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அதைக் கிளையோடு வெட்டுவது சரிதான்.

40 டிகிரி வெயிலை எப்படித் தாங்குகிறது?

பெரும்பாலான செடிகள் பகலில் இலையின் துளையைத் திறந்து காற்றை வாங்கும். அப்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போகும். வாண்டா அப்படி இல்லை. பகலில் துளையை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். கள்ளிச்செடி செய்யும் அதே தந்திரம்தான். தடித்த இலையில் தண்ணீரைச் சேமிப்பதும், ஸ்பாஞ்ச் வேரில் பனியைப் பிடிப்பதும் சேர்ந்து, சித்திரை வெயிலைக்கூடத் தாங்க வைக்கிறது.

ஒரு தடவை வெட்டினால்...

இந்தச் செடியின் ஒரே ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். அப்புறம் ஏன் எங்கு பார்த்தாலும் முளைக்கவில்லை?

விதை பவுடர் மாதிரி அவ்வளவு பொடி. நெல்லுக்கும் பயறுக்கும் இருப்பது போல உள்ளே சாப்பாட்டு மூட்டை கிடையாது. காற்றில் பறந்து மரப்பட்டையில் விழுந்தாலும், அங்கே அதற்கு ஏற்ற ஒரு பூஞ்சை இருந்து உணவு ஊட்டினால்தான் முளைக்கும். அதற்குப் பிறகும் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். பூக்கவே பல வருஷம் ஆகும்.

அதனால்தான் பழைய மரங்களில் உள்ள செடிகளுக்கு மதிப்பு அதிகம். திருச்சி-சென்னை நெடுஞ்சாலையை நாலு வழிச்சாலையாக அகலப்படுத்தியபோது சாலையோரப் புளியமரங்கள் பல சாய்க்கப்பட்டன. அந்த மாதிரிப் பழைய மரம் சாயும்போது, அதன் மேல் குடியிருக்கும் ஆர்க்கிட்டும் சேர்ந்தே போய்விடும். புதுசாக நடும் மரக்கன்று பெரிசாகி, பட்டை தடித்து, செடி குடியேற எத்தனையோ வருஷம் ஆகும்.

காட்டில் இருந்து எடுக்கலாமா?

கூடாது. பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பச்சைமலையில் பெரும் பகுதி வனத்துறைக்குச் சொந்தமான காப்புக்காடு. அங்கிருந்து செடி கொடி எதை எடுத்து வந்தாலும் 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சுற்றுலா போகிறவர்கள் ‘ஒரே ஒரு செடிதானே’ என்று பிடுங்கி வந்தால் வழக்கு, அபராதம் என்று அலைய வேண்டி வரும்.

சிங்கப்பூர், மலேசியா வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரின் தேசிய மலரே ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்ற ஆர்க்கிட்தான். 1981-ல் அதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். ஆசையாக இருக்கிறது என்று பெட்டியில் ஒரு செடியைப் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையத்தில் சிக்கல். உலக அளவில் எல்லா ஆர்க்கிட் வகைகளும் ‘சைட்டிஸ்’ என்ற வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் வருகின்றன. அதோடு, 2003-ம் ஆண்டு செடித் தடுப்புக்காப்பு ஆணைப்படி செடிகளை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும்.

அப்படியானால் எங்கேதான் கிடைக்கும்? 2 வழி இருக்கிறது. ஒன்று, சொந்தத் தோட்டத்தில் வெட்டும் மரத்திலோ, புயல் மழையில் ஒடிந்து விழும் கிளையிலோ இருக்கும் செடியைக் காப்பாற்றுவது. சாலையோர மரமாக இருந்தால் நெடுஞ்சாலைத்துறையிடமோ, மரத்தை ஏலம் எடுத்தவரிடமோ கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. இரண்டாவது, நர்சரியில் வாங்குவது. நர்சரிகளில் விற்கும் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் வளர்த்தவை. பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த கலவையில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் இது சாத்தியமானது. அதனால் காட்டில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

விழுந்த செடியைக் காப்பாற்றுவது எப்படி?

* வேரைப் பிய்த்து எடுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுங்கள்.

* அழுகிய வேரை மட்டும் வெட்டுங்கள். கையால் அமுக்கினால் கூழாகவோ, உள்ளே காலியாகவோ இருந்தால் அது அழுகல். பிளேடை நெருப்பில் காட்டிவிட்டு வெட்ட வேண்டும்.

* தொட்டியில் மண் போட்டு நடவே கூடாது. இந்தச் செடியை மண்ணில் புதைத்தால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். நம்ம ஆட்கள் செய்யும் முதல் தப்பே இதுதான்.

* மாமரம், புங்கை, வேம்பு மாதிரி சொரசொரப்பான பட்டை உள்ள மரத்தில் கட்டலாம். கொய்யா, தைல மரம் வேண்டாம். பட்டை உரிந்து செடியும் கீழே விழுந்துவிடும். மரம் இல்லாத வீட்டில் ஒரு மரத்துண்டிலோ, ஓட்டை போட்ட மரக்கூடையிலோ வைத்துத் தொங்க விடலாம்.

* பழைய வேட்டித் துணியைக் கிழித்தோ, தேங்காய் நார்க் கயிற்றாலோ கட்டுங்கள். கம்பி வேண்டாம், தண்டை அறுத்துவிடும். சில மாதத்தில் புது வேர் பட்டையைப் பிடித்ததும் கட்டை அவிழ்த்துவிடலாம்.

* முதல் 2 வாரம் நல்ல நிழலில் வைத்து, தினமும் காலையில் தண்ணீர் தெளித்தால் போதும். உரம் எதுவும் வேண்டாம்.

மழைக்காலம் தொடங்கும் ஆவணி, புரட்டாசி மாதங்கள் கட்டுவதற்கு ஏற்றவை. ஐப்பசி மழையில் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஊட்டி, கொடைக்கானல் போனபோது பார்த்து மயங்கி, ‘சிம்பிடியம்’ வகையை வாங்கி வருகிறவர்கள் உண்டு. அது குளிர்ப் பிரதேசச் செடி. நம்ம ஊர் ராத்திரிப் புழுக்கத்தில் பூக்காது. பட்டாம்பூச்சி மாதிரி பெரிய பூ விடும் ‘பெலனாப்சிஸ்’ வகைக்கும் நம்ம கோடை ஆகாது.

புதுசாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது ‘டென்ட்ரோபியம்’ கலப்பின வகை. கரும்பு மாதிரி கணு கணுவாகத் தண்டு வரும். தண்டின் உச்சியில் இருந்து பூச்சரம் விடும். பூ வாரக் கணக்கில் வாடாது.

பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டுச்சில், செங்கல் துண்டு. மேலே கழுவிய அடுப்புக்கரி. அவ்வளவுதான். கரியோடு கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டும் சேர்க்கலாம். ஆனால் மட்டையை 2, 3 நாள் தண்ணீரில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் போகும்வரை தண்ணீரை மாற்ற வேண்டும். சட்டி செடிக்கு அளவாக இருந்தால் போதும். பெரிய சட்டியில் ஈரம் தங்கி வேர் கெடும்.

இலை உதிர்ந்த பழைய தண்டை ‘காய்ந்துபோச்சு’ என்று வெட்ட வேண்டாம். புதுத் தண்டுக்குச் சாப்பாடு அதில்தான் சேமிப்பு. சில தண்டில் உச்சியில் குட்டி விடும். அதற்கு வேர் 2 அங்குலம் வந்ததும் வெட்டித் தனியாக நட்டால், இன்னொரு செடி இலவசம்!

எங்கே வைப்பது? எவ்வளவு வெயில்?

மொட்டை மாடியில் நேரடி வெயில் கூடவே கூடாது. தளத்தின் சூடே செடியை வேக வைத்துவிடும். கிணற்றடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம், வேப்பமரத்து நிழல், கிழக்குப் பார்த்த திண்ணை ஆகியவை நல்ல இடங்கள். மாடியில்தான் இடம் என்றால் 50 முதல் 75 சதவீத நிழல்வலை கட்டி, அதன் கீழ் தொங்க விட வேண்டும்.

இலையின் கலரே வெயில் கணக்கைச் சொல்லிவிடும். கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் பத்தவில்லை, பூக்காது. மஞ்சளாகவோ சிவந்தோ போனால் வெயில் அதிகம். இளம்பச்சையாக இருந்தால் சரியான இடம்.

தண்ணீரும் உரமும்

வேர் வெள்ளையாக இருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் போதும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காலை 8 மணிக்குள் ஊற்றுவது நல்லது. சித்திரை, வைகாசியில் மாலையிலும் ஒரு தடவை தெளிக்கலாம். ஆடிக்காற்றில் வேர் சீக்கிரம் காயும் என்பதால் அப்போதும் கவனம் தேவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீரே ஊற்ற வேண்டாம். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும், சாய்த்து வடித்துவிடுங்கள். மார்கழிப் பனியில் பாதித் தண்ணீர் போதும்.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்தால் வேரின் மேல் வெள்ளைப் படலம் படியும். அங்கே மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்லது. சிமெண்ட் ஆலை, கல் லாரி ஓடும் சாலையோர வீடுகளில் இலையில் தூசி படியும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போதும். வாரம் ஒருமுறை, செடி நனைந்த பிறகு தெளிக்க வேண்டும். யூரியாவைக் கையில் அள்ளிப் போட்டால் அன்றோடு செடி காலி. புளித்த கழுநீரும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, மாலை நேரத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். மழைக்காலத்தில் நத்தை ராத்திரியில் வந்து வேர் நுனியைக் கடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதே சுலபம்.

மருந்துன்னு சாப்பிடாதீங்க

வட இந்தியாவில் சில பகுதிகளில் வாண்டா வேரை ‘ராஸ்னா’ என்ற பெயரில் மூட்டுவலி மருந்தில் சேர்ப்பது உண்டு. தென்னிந்தியாவில் ராஸ்னா என்றால் பெரும்பாலும் சித்தரத்தைதான். பெயர் ஒன்று, செடி வேறு வேறு. அதனால் யாரோ சொன்னார்கள் என்று வேரைப் பிடுங்கிக் கஷாயம் வைப்பது உடம்புக்கும் ஆபத்து, செடிக்கும் ஆபத்து.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் ஆத்தூர், சேலம் வழியாக ஏற்காடு போகலாம். அங்கே இந்திய தாவரவியல் ஆய்வுத்துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963-ல் இருந்து செயல்படுகிறது. பலவகை ஆர்க்கிட்டுகளை அங்கே வளர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

செடியின் பெயரில் சந்தேகம் என்றால் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கப்பட்ட ராபினட் உலர்தாவரச் சேமிப்பகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, பச்சைமலை உள்பட தமிழகத்தின் மத்திய, வட மாவட்டச் செடிகளைத் தொகுத்து 1981 முதல் 1983 வரை பெரிய புத்தக வரிசையே வெளியிட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தோட்டத்து மாமரத்தில் தொங்குவது என்ன என்று தெரிந்துகொள்ள இதெல்லாம்கூடத் தேவையில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் போதும். வேரில் ஊற்றுங்கள். வெள்ளை வேர் பச்சையாக மாறினால் அரிவாளைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்த கோடையில் பூ வாசனை வீட்டு வாசல் வரை வரும்!